எந்தக் கோபத்தை எந்தச் சீட்டில் காட்டுவது?

தென்னாப்பிரிக்காவில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒரு நகர மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிந்த 90 நாளுக்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அந்தக் கணக்குப்படி அடுத்த தேர்தலுக்கான காலம் 2026 நவம்பர் 2 முதல் 2027 ஜனவரி 31 வரை.

தேர்தல் நெருங்கினால் நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்து வாழும் பகுதிகளான டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ஜொஹானஸ்பர்கின் லெனேசியாவிலும் விளக்குக் கம்பம் தவறாமல் தேசியத் தலைவர்களின் முகங்கள் தொங்கும். ஆனால் அந்தத் தலைவர்கள் யாரும் உங்கள் வார்டில் நிற்பதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாட்டை ஆள ஒரு கட்சி பிடித்திருக்கிறது, ஆனால் அந்தக் கட்சியின் வார்டு வேட்பாளரை ஐந்து ஆண்டாகத் தெருவில் பார்த்ததே இல்லை. அல்லது வார்டில் ஓடியாடி உழைக்கிறவர் நல்லவர், ஆனால் அவர் கட்சியை நினைத்தாலே மனம் ஒப்பவில்லை. இப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிற வாக்காளருக்கு, யாருக்குப் போடுவது என்பதற்கு முன்னால் தெரியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் வாக்குச் சீட்டு எந்த அதிகாரத்தை யாரிடம் கொடுக்கிறது என்பதே அது.

மூன்று அரசுகள், மூன்று வேலைகள்

1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அரசை மூன்றாகப் பிரிக்கிறது: தேசிய அரசு, மாகாண அரசு, உள்ளாட்சி. எந்த வேலை யாருடையது என்பது அந்தச் சட்டத்தின் 4ஆம், 5ஆம் அட்டவணைகளில் இருக்கிறது. அட்டவணையை அப்படியே படித்தால் தலை சுற்றும். வீட்டுப் பிரச்சினைகளிலிருந்து தொடங்கினால் எளிது.

1. தண்ணீர். குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் டர்பன் பகுதியில் எதெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. ஆனால் அணையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து மொத்தமாக மாநகராட்சிக்குக் கொடுப்பது பெரும்பாலும் உம்கெனி-உதுகேலா நீர் வாரியம், அது தேசிய நீர்வள அமைச்சரின் கீழ் வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தது. அந்த நிலையம் மாநகராட்சியுடையது. அதைச் சீர்செய்யத் தாமதமானதற்கான கேள்வி போகவேண்டிய இடம் நகர மன்றம்.

2. மின்சாரம். லோட் ஷெடிங் என்று அட்டவணை போட்டு நிறுத்துவது எஸ்காம் போதுமான மின்சாரம் உற்பத்தி செய்ய முடியாததால். எஸ்காம் தேசிய அரசின் நிறுவனம். உங்கள் தெருவில் மட்டும் டிரான்ஸ்பார்மர் வெடித்து மூன்று நாள் இருட்டு என்றால், எதெக்வினி போன்ற மாநகரங்களில் அது பெரும்பாலும் மாநகராட்சியின் வேலை. இரண்டும் ஒரே இருட்டுதான், ஆனால் இரண்டுக்கும் பொறுப்பு வேறு.

3. மருத்துவமனை, பள்ளி. சாட்ஸ்வொர்த் ஆர்.கே.கான் மருத்துவமனையும் பீனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையும் மாகாண அரசின் கையில் உள்ளவை. அரசுப் பள்ளிகளும் அப்படியே. வார்டு கவுன்சிலர் அங்கே ஒரு தாதியைக்கூட நியமிக்க முடியாது.

4. காவல். காவல் நிலையம் தேசியக் காவல்துறையைச் சேர்ந்தது. மாநகராட்சிக்கென்று தனியாக மெட்ரோ போலீஸ் உண்டு. போக்குவரத்து, நகரத் துணை விதிகள், ரோந்து ஆகியவற்றோடு அதன் வேலை முடிகிறது. புதிய காவல் நிலையம் கட்டித் தருவேன் என்று வார்டு வேட்பாளர் சொன்னால், தன் கையில் இல்லாத ஒன்றை அவர் வாக்குறுதியாகத் தருகிறார்.

5. முதியோர் உதவித்தொகை. இது தேசிய அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையிலிருந்து வருகிறது. நகர மன்றத்தில் யார் வென்றாலும் தோற்றாலும் இதில் ஒரு காசு கூடாது, குறையாது. "எங்களுக்குப் போடாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்று யாராவது தாத்தா பாட்டிகளைப் பயமுறுத்தினால், அது பொய் என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

6. குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, வீட்டு வரி. இவை முழுக்க உள்ளாட்சி. இடுகாடும் தகன மேடையும்கூட அரசமைப்பின் 5ஆம் அட்டவணைப்படி உள்ளாட்சியின் பொறுப்பில்தான் வருகின்றன. தகன மேடையில் உலை பழுதானால் அந்தத் துக்கத்திலும் அலைய வேண்டியிருக்கிறது. அப்போது கேட்கவேண்டிய இடம் நகர மன்றம் என்பது நம் குடும்பங்களில் பலருக்குத் தெரிவதில்லை.

எத்தனை சீட்டு, ஒவ்வொன்றும் எதற்கு

2024 மே 29 அன்று நடந்த தேசிய, மாகாணத் தேர்தலில் ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டுகள் கொடுத்தார்கள். முதல் சீட்டு தேசியம், அதில் கட்சிகள் மட்டும், 52 கட்சிகள். இரண்டாவது சீட்டும் அதே நாடாளுமன்றத்துக்குத்தான், ஆனால் மாகாண வாரியாக. சுயேச்சைகள் இதில் நிற்கலாம். 400 இடங்களில் 200 இதன்மூலம் நிரம்புகின்றன. மூன்றாவது மாகாண சட்டமன்றம். சுயேச்சைகளுக்கு வழிவிட வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்ததால் வந்த மாற்றம் இது. அந்தத் தேர்தலில் ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 159 இடங்களோடு முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்தது. டிஏ (ஜனநாயகக் கூட்டணி) 87, எம்கே (உம்கொண்டோ வெ சிஸ்வே) 58, இஎஃப்எஃப் (பொருளாதார விடுதலைப் போராளிகள்) 39, ஐஎஃப்பி (இன்காதா சுதந்திரக் கட்சி) 17.

உள்ளாட்சித் தேர்தல் வேறு வகை. எதெக்வினி, ஜொஹானஸ்பர்க் போன்ற எட்டு மாநகரங்களில் இரண்டு சீட்டுகள்:

1. வார்டு சீட்டு. இதில் மனிதரின் பெயர் இருக்கும். கட்சி வேட்பாளராகவோ சுயேச்சையாகவோ நிற்கலாம். அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி, பாதிக்கு மேல் வாங்கவேண்டிய அவசியமில்லை.

2. பட்டியல் சீட்டு. இதில் கட்சிக்கு மட்டும் வாக்கு. கட்சி முன்கூட்டியே கொடுத்த பெயர்ப் பட்டியலிலிருந்து வரிசைப்படி உறுப்பினர்கள் உள்ளே போவார்கள்.

மாநகரம் அல்லாத ஊர்களில் மாவட்ட மன்றத்துக்கு மூன்றாவது சீட்டும் உண்டு. எதெக்வினி மன்றத்தில் 2021இல் 222 உறுப்பினர்கள்: வார்டு 111, பட்டியல் 111.

வார்டு உறுப்பினர் இறந்தாலோ, விலகினாலோ, கட்சி அவரை நீக்கினாலோ இடைத்தேர்தல் வரும், நீங்கள் மறுபடி வாக்களிப்பீர்கள். பட்டியல் உறுப்பினர் போனால் பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருவார், உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் பட்டியல் சீட்டில் தலைவர் ஒருவரை மட்டும் மனதில் வைத்துக் குறி போடுவது சரியல்ல. பட்டியலில் இருக்கும் பெயர்கள் யாவர் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

பலருக்கும் தெரியாத கணக்கு

வார்டுக்கு ஒரு கணக்கு, பட்டியலுக்கு இன்னொரு கணக்கு என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படியல்ல. ஒரு கட்சிக்கு மன்றத்தில் மொத்தம் எத்தனை இடம் என்பதைத் தீர்மானிக்க, அந்தக் கட்சி வார்டு சீட்டில் வாங்கிய வாக்கையும் பட்டியல் சீட்டில் வாங்கிய வாக்கையும் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு எத்தனை இடம் சேரும் என்று பார்த்து, அதிலிருந்து அக்கட்சி வென்ற வார்டுகளைக் கழித்து, மீதியைப் பட்டியலிலிருந்து கொடுக்கிறார்கள்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். மன்றத்தில் 20 இடம்: வார்டு 10, பட்டியல் 10. கட்சிகள் இரண்டு சீட்டிலும் சேர்த்து வாங்கிய செல்லுபடியான வாக்கு 1 லட்சம். சுயேச்சை யாரும் வெல்லவில்லை.

1. ஓர் இடத்தின் விலை: 1,00,000ஐ 20ஆல் வகுத்து 1ஐக் கூட்டினால் 5,001.

2. அ கட்சி 45,000, ஆ கட்சி 30,000, இ கட்சி 25,000 வாங்கியுள்ளன. 5,001ஆல் வகுத்தால் முழு இடங்கள் 8, 5, 4. மீதமுள்ள 3 இடங்கள், வகுத்தபின் மிஞ்சும் வாக்கு யாரிடம் அதிகமோ அவர்களுக்கு வரிசையாகப் போகும். இங்கே மூவருக்கும் ஒவ்வொன்று. இறுதியில் 9, 6, 5.

3. அ கட்சி 8 வார்டும் ஆ கட்சி 2 வார்டும் வென்றன என்று வைப்போம். அப்படியானால் பட்டியலிலிருந்து அ கட்சிக்கு 1, ஆ கட்சிக்கு 4, ஒரு வார்டுகூட வெல்லாத இ கட்சிக்கு 5.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. இரண்டு மனமாக இருக்கிற வாக்காளருக்கு மூன்றுமே முக்கியம்.

ஒன்று: ஒரு வார்டை வென்றதால் கட்சிக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைப்பதில்லை. அதற்கு ஏற்கெனவே சேரவேண்டிய இடங்களில் ஒன்றில் இந்த மனிதர் உட்காருகிறார், அவ்வளவுதான். தனக்குச் சேரவேண்டியதைவிட அதிக வார்டு வென்றால்தான் விதிவிலக்கு. ஆகவே வார்டு சீட்டில் ஆளைப் பார்த்துப் போடுவதில் தவறே இல்லை. அந்தச் சீட்டு அதற்காகவே இருக்கிறது.

இரண்டு: இருந்தாலும் அந்த வார்டு வாக்கு கட்சியின் கூட்டுத்தொகையில் சேர்கிறது. வார்டில் ஒரு கட்சிக்காரருக்கும் பட்டியலில் வேறொரு கட்சிக்கும் போட்டால், உங்கள் பலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். தெரிந்து செய்தால் அது நேர்மையான முடிவு. தெரியாமல் செய்துவிட்டுப் பின்னால் வருந்தக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

மூன்று: சுயேச்சைக்குப் போட்ட வார்டு வாக்கு எந்தக் கட்சியின் கணக்கிலும் சேராது. அவர் வென்றால் அந்த இடம் தனியாக ஒதுக்கப்பட்டு, மீதி இடங்கள் மட்டுமே கட்சிகளுக்குள் பங்கிடப்படும். தோற்றால் அந்த வாக்கு அங்கேயே முடிந்துவிடும். அப்போதும் உங்கள் பட்டியல் வாக்கு உயிரோடு இருக்கிறது.

மேயரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை

முடிவுகள் அறிவித்த 14 நாளுக்குள் புதிய மன்றம் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறது. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் அந்த இரண்டு வாரமும் பேரம்தான்.

2021இல் எதெக்வினியில் ஏஎன்சி 96 இடம், டிஏ 59 இடம். பெரும்பான்மைக்கு 112 வேண்டும். மேயர் பதவி யாருக்கு என்பதைச் சிறு கட்சிகள் முடிவு செய்தன. ஜொஹானஸ்பர்கில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 270 பேர் கொண்ட மன்றத்தில் 3 இடம் மட்டுமே வைத்திருந்த அல் ஜமா கட்சியிலிருந்து 2023இல் அடுத்தடுத்து இரண்டு மேயர்கள் வந்தார்கள். லெனேசியா வாக்காளர் ஏஎன்சிக்கோ டிஏவுக்கோ இஎஃப்எஃப்புக்கோ போட்டிருக்கலாம். அவர் நகரை ஆண்டவர் மூன்று கட்சியிலும் இல்லாதவர்.

ஆட்சி முறையும் ஊருக்கு ஊர் வேறு. ஜொஹானஸ்பர்கில் மேயரே நிர்வாகத் தலைவர், தன் குழுவை அவரே நியமிப்பார். எதெக்வினியில் நிர்வாகக் குழு என்று ஒன்று உண்டு, பெரிய கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்ப அதில் உட்காருகின்றன. எதிர்க்கட்சியும் உள்ளே இருக்கும். ஆகவே டர்பனில் மேயர் பதவி கிடைக்காத கட்சிக்குப் போட்ட வாக்கு வீண் என்பது சரியல்ல.

இதனால் கட்சி வேட்பாளரிடம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி: பெரும்பான்மை கிடைக்காவிட்டால் உங்கள் கட்சி யாரோடு சேரும், யாரோடு சேரவே சேராது? நேராகப் பதில் சொல்லாதவருக்குக் கொடுக்கும் வாக்கு வெற்றுக் காசோலை போன்றது. தொகையை எழுதப்போகிறவர் வேறு யாரோ.

சிறு கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணா?

நம் வீடுகளில் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கும் வாதம் இது. தென்னாப்பிரிக்காவில் இத்தனை சதவீதம் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்ற தடைக்கோடு சட்டத்தில் இல்லை. நாடாளுமன்றத்தில் ஓர் இடத்துக்கு 2024இல் ஏறத்தாழ 40,000 வாக்கு தேவைப்பட்டது. மாகாணத்தில் கதை இன்னும் கூர்மை. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் 80 இடம் கொண்ட சட்டமன்றத்தில் எம்கே 37, ஐஎஃப்பி 15, ஏஎன்சி 14, டிஏ 11, இஎஃப்எஃப் 2, என்எஃப்பி (தேசிய சுதந்திரக் கட்சி) 1. ஐஎஃப்பி, ஏஎன்சி, டிஏ மூன்றும் சேர்ந்தால் 40, சரி பாதி. 41 ஆக்கியது என்எஃப்பியின் அந்த ஒரே உறுப்பினர். அவர் மறுபக்கம் சாய்ந்தால் இரண்டு பக்கமும் 40, யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இந்திய வம்சாவளியினரின் குரலாகத் தன்னை முன்வைத்த மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சியை 1993இல் அமிச்சந்த் ராஜ்பன்சி தொடங்கினார். 1994 முதல் 2019 வரை ஒவ்வொரு மாகாணத் தேர்தலிலும் அது ஓரிடமாவது பெற்றது. 2024இல் ஒன்றுமில்லை. சமூகத்துக்கென ஒரு கட்சி வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு, பெரிய கட்சிக்குள் இருந்தே கேட்டுப் பெறலாம் என்பவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் பார்வையில், தண்ணீர்க் குழாய்க்கு சாதி, மதம், மொழி தெரியாது. சாட்ஸ்வொர்த்தில் உடையும் அதே பழைய குழாய்தான் ஆப்பிரிக்க மக்கள் வாழும் பக்கத்து உம்லாசியிலும் உடைகிறது. பெயரும் முகமும் நம்மைப்போல் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக வைத்தால், வேலை தெரிந்தவர் கை நழுவிப் போகலாம்.

வார்டு வேட்பாளரை எடைபோட

1. அதிகாரம் தெரிந்தவரா? கவுன்சிலர் தனியாகப் பணம் ஒதுக்க முடியாது. வேலை போட்டுக் கொடுக்கவும் சட்டப்படி அவருக்கு உரிமை இல்லை. மன்றத்தில் பேசலாம், குழுக்களில் போராடலாம், அதிகாரிகளை விடாமல் துரத்தலாம். தன்னால் முடியாததை வாக்குறுதியாகக் கொடுப்பவர் ஒன்று வேலை தெரியாதவர், இல்லை உங்களை ஏமாற்றுகிறவர்.

2. நிதிநிலை அறிக்கையைப் படித்தவரா? நகராட்சிகளின் நிதி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு அறிக்கையை அதற்கு 90 நாள் முன்னால், அதாவது மார்ச் முடிவுக்குள், மன்றத்தில் வைக்கவேண்டும். பிறகு மக்கள் கருத்துச் சொல்லலாம். உங்கள் வார்டில் எந்த வடிகாலுக்கு, எந்தச் சாலைக்கு இந்த ஆண்டு பணம் வைத்திருக்கிறார்கள் என்று வேட்பாளரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆளைப் பற்றித் தெரிந்துவிடும்.

3. வார்டு குழுவை நடத்தினாரா? கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை கொண்ட குழு இது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கிறார் என்றால், கடந்த ஐந்து ஆண்டில் அது எத்தனை முறை கூடியது என்பதுதான் அவருடைய மதிப்பெண் அட்டை.

4. கட்சி மேலிடம் ஒன்று சொல்லி, வார்டு மக்கள் வேறொன்று கேட்டால் என்ன செய்வார்? கட்சி நீக்கினால் பதவி போய்விடும் என்பதால் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்கிறவர் நம்பத்தக்கவர்.

தேசியத் தலைவரைப் பற்றிய கோபமும் அன்பும் இந்த நான்கில் எதற்கும் பதில் தராது. அவற்றுக்கு 2029 வரை காத்திருக்கும் வேறு சீட்டு இருக்கிறது. ஆனால் பட்டியல் சீட்டில் அவை ஓரளவு பேசலாம், ஏனென்றால் பட்டியலை எழுதுவதும் கூட்டணியை முடிவு செய்வதும் கட்சி மேலிடம்தான்.

வீட்டிலேயே இருந்துவிட்டால்?

2021இல் பதிவு செய்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். "யாருமே சரியில்லை" என்ற சலிப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. நம் மக்களுக்கு வாக்களிக்காமல் இருப்பதில் ஒரு பெருமையான வரலாறும் உண்டு. 1896இல் நட்டால் சட்டம் இந்தியர்களின் வாக்குரிமைக்குக் கதவடைத்தது. 1984இல் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று ஒரு தனி அவையை நீட்டியது. பெரும்பான்மை ஆப்பிரிக்க மக்களை வெளியே நிறுத்திவிட்டுக் கொடுத்த அந்த உரிமையை நம்மவர்கள் ஏற்கவில்லை, ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். அன்று வராமல் இருந்தது எல்லோருக்கும் புரிந்த ஒரு செய்தி.

இன்றைய கணக்கில் அந்தச் செய்தி பதிவாவதில்லை. இடங்களைப் பங்கிடும்போது செல்லுபடியான வாக்குகளை மட்டுமே எண்ணுகிறார்கள். வராதவர், வெற்றுச் சீட்டு போட்டவர், கோபத்தில் சீட்டைக் கிறுக்கியவர் மூவரும் அந்தக் கணக்கில் இல்லை. ஓர் இடத்தின் விலை குறைகிறது, வந்தவர்களின் வாக்குக்கு மதிப்புக் கூடுகிறது. எதிர்ப்பைக் காட்ட விரும்புகிறவர் ஒரு சீட்டில் சுயேச்சைக்கும் இன்னொன்றில் சிறு கட்சிக்கும் போட்டால் அது எண்ணிக்கையில் ஏறும்.

வாக்குச் சாவடிக்குப் போகும் முன்

1. உள்ளாட்சித் தேர்தலில் நீங்கள் பதிவு செய்த சாவடியில் மட்டுமே வாக்களிக்கலாம். வீடு மாறியவர்கள் பதிவையும் மாற்றவேண்டும். தேர்தல் தேதி அரசிதழில் முறைப்படி வெளியானதும் வாக்காளர் பட்டியல் மூடப்படும், அதற்குப் பின் எதுவும் செய்ய முடியாது.

2. பச்சை நிற அடையாளப் புத்தகம், ஸ்மார்ட் ஐடி அட்டை, தற்காலிக அடையாளச் சான்றிதழ் மூன்றில் ஒன்று வேண்டும்.

3. நடக்க முடியாத முதியவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து சிறப்பு வாக்கு வாங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்கோ பாட்டிக்கோ இதற்கு விண்ணப்பித்துக் கொடுங்கள், கடைசி நாள் தவறிவிட்டால் மறுபடி கிடைக்காது.

4. ஒரு சீட்டில் ஒரே ஒரு குறி. தவறான இடத்தில் போட்டுவிட்டீர்களா? பெட்டியில் போடுவதற்கு முன் அதிகாரியிடம் சொன்னால் அதை ரத்து செய்து புதுச் சீட்டு தருவார்.